ஏழு மாதம் கையில் இருந்த உத்தியோகம்

1920 செப்டம்பர் நடுவில் ஓர் இரவு, இங்கிலாந்தில் தங்கியிருந்த 23 வயது இந்திய மாணவர் ஒருவருக்கு நண்பரிடமிருந்து தந்தி வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, காலைப் பத்திரிகையைப் பார்க்கச் சொன்னது தந்தி. காலையில் பார்த்தால் ஐசிஎஸ் தேர்வு முடிவு. நான்காவது இடத்தில் அவர் பெயர்: சுபாஷ் சந்திர போஸ்.

இதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். ஐசிஎஸ் பதவியைத் தூக்கியெறிந்தார், விடுதலைப் போரில் குதித்தார். மேடைப் பேச்சாளர்களும் இப்படித்தான் சொல்வார்கள். தூக்கியெறிந்தார், குதித்தார் என்று கேட்கும்போது எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி. தேர்வு முடிவு பற்றி அண்ணன் சரத் சந்திர போஸுக்கு அவர் மனம் திறந்து எழுதிய முதல் கடிதத்தின் தேதி 1920 செப்டம்பர் 22. இந்தியா மந்திரி மாண்டேகுவுக்கு ராஜினாமா எழுதிய தேதி 1921 ஏப்ரல் 22. நடுவில் சரியாக ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவர் வேலையை வைத்துக்கொண்டும் இருந்தார், வேண்டாமா என்று யோசித்துக்கொண்டும் இருந்தார். கடிதம் எழுதினார், பதிலுக்குக் காத்திருந்தார், வாதாடினார், நடுவில் வேறு வேலையும் தேடினார்.

எனக்கு அந்த ராஜினாமாவைவிட இந்த ஏழு மாதம்தான் முக்கியமாகப் படுகிறது. நான் இருக்கும் மென்பொருள் துறையில் இந்த நிலைமை தினசரி நடப்பு. ஓர் ஆஃபர் லெட்டர் மெயிலில் உட்கார்ந்திருக்கும். நல்ல கம்பெனி, நிலையான சம்பளம், ஆனால் மனசு ஒட்டாத வேலை. பிடித்த இடத்திலிருந்து இன்னும் பதில் வந்திருக்காது. சேருவதாகச் சொல்ல வெள்ளிக்கிழமை வரை கெடு. "அண்ணா, வேண்டாம்னு சொல்லிடட்டுமா? சொல்லிட்டு அதுவும் கிடைக்கலன்னா?" என்று ஜூனியர்கள் கேட்கும்போது, மனசு சொல்வதைக் கேள் என்று தத்துவம் பேசுவது சுலபம். சுபாஷ் என்ன செய்தார் என்று பார்ப்பது அதைவிடக் கொஞ்சம் உபயோகமானது.

*

முதலில், அவர் அந்தத் தேர்வுக்கு வந்து சேர்ந்த விதம்.

1916-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் மாணவர்களால் தாக்கப்பட்டார். அந்த விவகாரத்தில் சுபாஷ் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். படிப்பு தடைப்பட்டு, பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்து, 1919-இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். எம்ஏ-வுக்கு உளவியல் படிக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அப்பா ஜானகிநாத் கூப்பிட்டுக் கேட்டார்: இங்கிலாந்து போய் ஐசிஎஸ் எழுதுகிறாயா? முடிவு சொல்ல 24 மணி நேரம்.

ஜானகிநாத் போஸ் கட்டாக்கில் பெரிய வக்கீல். 14 பிள்ளைகள், சுபாஷ் ஒன்பதாவது. கலகம் பண்ணிக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட பையனை எப்படியாவது ஒரு நல்ல இடத்தில் உட்கார வைக்கவேண்டும் என்று எந்த அப்பாவுக்கும் தோன்றும். சுபாஷ் கணக்குப் போட்டார். தேர்வுக்கு எட்டு மாதம்தான் இருக்கும். அதற்குள் தேறப் போவதில்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்துவிடும். சரி, போகலாம்.

இங்கிலாந்தில் படிப்பது பற்றி ஆலோசனை சொல்வதற்கென்று கல்கத்தாவில் அரசு நியமித்திருந்த ஒருவரைப் போய்ப் பார்த்தார். அவர் பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர், நீக்கப்பட்ட கதை தெரிந்தவர். பத்தாயிரம் ரூபாயை வீணாக்கப் போகிறாயா என்று கேட்டார். அந்தப் பத்தாயிரத்தை வீணாக்கச் சொல்வதே அப்பாதான் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டு சுபாஷ் கிளம்பிவிட்டார்.

1919 செப்டம்பரில் கப்பல் ஏறினார். 1920 ஜூலையில் தேர்வு. சம்ஸ்கிருதத் தாளில், மொழிபெயர்ப்பை முதலில் ரஃப் ஆக எழுதி வைத்து, அதைப் பார்த்து எழுத நேரம் போதாமல் ஏறக்குறைய 150 மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டார். தேற மாட்டோம் என்று வீட்டுக்கே எழுதிவிட்டார். நம்பிக்கையே இல்லாத தேர்வில் நான்காவது இடம் வந்து நின்றது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அவர் இந்த வேலையைத் தேடிப் போகவே இல்லை. 'எப்படியும் கிடைக்காது, எழுதித்தான் பார்ப்போமே' என்று போன இடம். அப்படிப் போகும் இடங்களில்தான் ஆஃபர் சீக்கிரம் வந்து நிற்கும். வந்த பிறகுதான், இது வேண்டுமா என்று முதல்முறையாக நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம்.

*

கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்பது நம்மூர்ப் பழமொழி. ஐசிஎஸ் கால் காசு உத்தியோகம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓர் இந்தியன் எட்டக்கூடிய பெரிய நாற்காலி அது. தேர்வு லண்டனில்தான் நடக்கும். 1922-இல்தான் முதன்முதலாக இந்தியாவில், அலகாபாத்தில், நடத்தினார்கள். கப்பல் செலவும் இங்கிலாந்தில் தங்கும் செலவும் தாங்கக்கூடிய குடும்பங்களே பிள்ளைகளை அனுப்ப முடியும். 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். அதிலிருந்து தேறியவர் ஒவ்வொருவரும் வங்காளத்தில் ஊரே கொண்டாடும் பிள்ளை. நல்ல சம்பளம், அதிகாரம், கடைசிக் காலத்துக்கு பென்ஷன்.

செப்டம்பர் 22 கடிதத்தில் சுபாஷ் இதையெல்லாம் மறுக்கவில்லை. கை நிறையச் சம்பளம் கிடைக்கும், பென்ஷன் உறுதி, கொஞ்சம் வளைந்து கொடுத்தால் கமிஷனர் ஆகலாம், மாகாணத் தலைமைச் செயலாளர்கூட ஆகலாம் என்று வரிசையாக எழுதுகிறார். எழுதிவிட்டுக் கேட்கிறார், இதற்காகவா வாழ்க்கை? போராட்டமோ ஆபத்தோ இல்லாத வாழ்க்கையில் பாதி ருசி போய்விடும் என்பது அவர் எண்ணம். இந்த வேலையோடு வரும் மனநிலையும் தேசத்துக்கு உழைப்பதும் ஒத்துப்போகாது என்றும் சந்தேகப்படுகிறார்.

அவர் முன்னால் இரண்டு முன்னோடிகள் இருந்தார்கள். ஒருவர் ரமேஷ் சந்திர தத். ஐசிஎஸ் அதிகாரியாகவே பல வருடம் இருந்தவர், இந்தியாவின் பொருளாதார வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி பிரிட்டிஷ் ஆட்சி நாட்டை எப்படி வறுமையில் தள்ளியது என்று காட்டியவர். உள்ளே இருந்துகொண்டும் நாட்டுக்கு உழைக்கலாம் என்பதற்கு அவர்தான் உதாரணம். மற்றவர் அரவிந்த கோஷ். எழுத்துத் தேர்வில் தேறியும், 1892-இல் குதிரையேற்றச் சோதனைக்கு வேண்டுமென்றே போகாமல் வேலையை நழுவவிட்டவர். 1910-லிருந்து நம் பக்கத்துப் புதுச்சேரியில் இருந்தார். வீட்டில் எல்லோரும் தத்தைக் காட்டினார்கள். சுபாஷின் கண் அரவிந்தர் மேல் இருந்தது.

*

அந்தக் கடிதங்களில் எதிர்த்தரப்பு வாதங்கள் உப்புச்சப்பில்லாதவை என்று நினைக்கக்கூடாது. அப்பாவின் வாதம் நல்ல வாதம். மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் வந்துவிட்டது, மந்திரிகளாக இந்தியர்கள் வரப்போகிறார்கள், இன்னும் பத்து வருடத்தில் சுயாட்சி கிடைத்துவிடும், அந்த ஆட்சியில் சுயமரியாதை உள்ள ஓர் இந்தியன் ஐசிஎஸ் அதிகாரியாக இருப்பது ஒன்றும் கஷ்டமாக இருக்காது. படித்த, அனுபவம் உள்ள ஒருவர் 1921-இல் நியாயமாகச் சொல்லக்கூடியது இதுதான்.

இதைச் சொன்னவரும் வெள்ளைக்காரருக்குக் கைகட்டி நின்றவர் இல்லை. மாவட்ட மாஜிஸ்திரேட்டுடன் கருத்து வேறுபாடு வந்து 1917-இல் அரசு வக்கீல் பதவியை விட்டவர் ஜானகிநாத். பின்னாளில், 1930-இல், அடக்குமுறையைக் கண்டித்து ராய் பகதூர் பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். அப்படிப்பட்ட அப்பா, மகனிடம் மட்டும் கொஞ்சம் பொறு என்கிறார். அப்பாக்கள் அப்படித்தான். தன் உத்தியோகத்தை விடும்போது இல்லாத பயம், மகன் விடும்போது வந்துவிடும்.

சுபாஷின் பதில் வாதத்தைச் சுருக்கிச் சொன்னால்: அந்த வேலையில் என்னால் காலம் தள்ள முடியுமா என்பது கேள்வியே இல்லை. அந்த வேலையில் இருந்துகொண்டு நான் நாட்டுக்கு எதைச் செய்வேன் என்பதுதான் கேள்வி. அப்பா பேசியது வேலை எவ்வளவு சகிக்கத்தக்கது என்பதைப் பற்றி. மகன் பேசியது வேலை எதற்கு என்பதைப் பற்றி. இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் புரிந்துகொண்டுதான் பேசினார்கள், அவர்கள் அளந்த அளவுகோல்தான் வேறு.

அம்மா பிரபாவதியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவும் மற்றவர்களும் என்ன நினைத்தாலும், தனக்கு மகாத்மா காந்தியின் கொள்கைதான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சுபாஷ் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்.

*

இதெல்லாம் கொள்கை. கொள்கையை நடைமுறையில் உரசிப் பார்க்க ஒரு சின்னச் சம்பவம் வந்தது.

தேறியவர்கள் உடனே அதிகாரி ஆகிவிட மாட்டார்கள். இங்கிலாந்திலேயே பயிற்சிக் காலம், அதற்கு உதவித்தொகை. அந்தச் சமயத்தில் இந்தியா ஆபீசிலிருந்து அச்சிட்ட சில குறிப்புகள் வந்தன. அதில் ஒன்று, இந்தியாவில் குதிரை பராமரிப்பது பற்றி. இந்தியக் குதிரைக்காரன் குதிரை தின்பதையே தானும் தின்பான் என்று அதில் இருந்தது. இந்திய வணிகர்கள் நேர்மையற்றவர்கள் என்பது ஊரறிந்த விஷயம் என்றும் இருந்தது.

பயிற்சியில் இருந்த இந்தியர்கள் எல்லோருக்கும் கோபம். சேர்ந்து ஒரு கண்டனக் கடிதம் எழுதுவது என்று பேசி முடிவெடுத்தார்கள். எழுதும் நேரம் வந்தபோது ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். சுபாஷ் தனியாளாகப் போய் கேம்பிரிட்ஜ் சிவில் சர்வீஸ் போர்டின் செயலாளர் ராபர்ட்ஸ் முன் நின்றார். ராபர்ட்ஸ் சீறினார். அரசாங்கத்தின் கருத்தை ஏற்க முடியாவிட்டால் நீ வெளியேற வேண்டியிருக்கும் என்றார். சுபாஷ் அசையவில்லை. ராபர்ட்ஸ் கொஞ்சம் இறங்கி வந்தார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பிறகு பதிலும் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் இது வெற்றிதானே? உள்ளே இருந்துகொண்டே ஒரு தவறைத் திருத்த முடிந்திருக்கிறது. ரமேஷ் தத் பாதைக்கு இது சாட்சி. எனக்கோ பின்வாங்கிய நண்பர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் கோழைகள் என்று சொல்லமாட்டேன். லண்டன் தேர்வில் இங்கிலாந்து மாணவர்களோடு மோதித் தேறிய கெட்டிக்காரர்கள். வேலையில் இன்னும் சேரக்கூட இல்லை. அதற்குள்ளேயே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட யோசிக்கிறார்கள். பாதுகாப்பான வேலை கேட்கும் விலை என்ன என்பது சம்பளச் சீட்டில் வராது. சேர்வதற்கு முன்பே நம்மில் எது மாற ஆரம்பிக்கிறது என்பதில் கொஞ்சம் தெரியும்.

*

இப்போது பாடப்புத்தகத்தில் வராத பகுதி.

1921 பிப்ரவரி 16. சுபாஷ் கேம்பிரிட்ஜிலிருந்து சித்தரஞ்சன் தாஸுக்குக் கடிதம் எழுதுகிறார். தாஸ் கல்கத்தாவின் பெரிய பாரிஸ்டர். நாகபுரி காங்கிரசுக்குப் பிறகு, பணம் கொட்டிய தன் தொழிலை அப்போதுதான் விட்டிருந்தார். அந்த வயதில் அவரால் எல்லாவற்றையும் விட முடிகிறது என்றால், எந்தக் குடும்பப் பாரமும் இல்லாத என்னைப் போன்ற இளைஞனால் முடியாதா என்று சுபாஷ் அண்ணனுக்கு எழுதினார்.

தாஸுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு வேலை விண்ணப்பம். நான் இன்னார் மகன், இன்னார் தம்பி. ஐசிஎஸ் தேறியிருக்கிறேன். அரசு வேலையில் சேர விருப்பமில்லை. என்ன படித்திருக்கிறேன் என்பது இது. தேசியக் கல்லூரியில் பாடம் நடத்தலாம், பத்திரிகையில் எழுதலாம். நான் வந்தால் உங்கள் இயக்கத்தில் எனக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? இதுதான் சாரம்.

இன்னொரு பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. காங்கிரசுக்கு நிரந்தரமாக ஒரு கட்டடம் வேண்டும், அதில் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், நாணயமாற்று பற்றி, சமஸ்தானங்கள் பற்றி, வாக்குரிமை பற்றி, ஒடுக்கப்பட்ட மக்கள் பற்றி காங்கிரசுக்குத் தெளிவான கொள்கை வேண்டும் என்றெல்லாம் யோசனை சொல்கிறார். வேலையே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் அந்த அமைப்பில் என்னென்ன குறை என்று பட்டியல் போட்டுவிட்டார்! 24 வயசுதான் ஆகியிருந்தது. ஆனால் வெறும் ஆர்வக்கோளாறு என்று ஒதுக்க முடியாது. இந்தியாவுக்கு உழைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. எந்த ஊரில், யாரிடம், எந்த வேலை என்ற அளவுக்கு இறங்கி யோசித்திருக்கிறார்.

'இது வேண்டாம்' என்பதற்கும் 'அது வேண்டும்' என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. நம்மில் பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கப் பார்க்கிறோம். சுபாஷ் இரண்டாவதற்கு ஒரு முகவரி கண்டுபிடித்த பிறகுதான் முதலாவதைக் கையைவிட்டு இறக்கினார். மார்ச் 2-ஆம் தேதி தாஸுக்கு இன்னொரு கடிதமும் போட்டார். இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை, உண்மையாக உழைக்கும் ஆட்களுக்குத்தான் பஞ்சம் என்கிற தொனியில் தாஸ் பதில் அனுப்பினார். சம்பளம் இவ்வளவு, பதவி இது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

*

ஏப்ரல் 22 கடிதம் சின்னது. பயிற்சியாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இதுவரை வாங்கிய உதவித்தொகை 100 பவுன், அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். காரணம் பற்றிப் பெரிய பிரசங்கம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் சமாதானப் படலம். இந்தியா ஆபீசின் நிரந்தரத் துணைச் செயலாளர் சர் வில்லியம் ட்யூக் ஒரு காலத்தில் ஒரிசாவில் கமிஷனராக இருந்தவர், ஜானகிநாத்தைத் தெரிந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பில் இருந்த மூத்த அண்ணன் சதீஷ் வழியாகச் சொல்லிப் பார்த்தார். கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஃபிட்ஸ்வில்லியம் ஹாலின் தலைவர் ரெட்டவே மட்டும், ஆச்சரியமாக, நீ செய்தது சரி என்றார்.

கடைசியில் வந்தவர் அதே ராபர்ட்ஸ். இந்தத் தடவை ரொம்ப அன்பாகப் பேசினார். அவர் வைத்த யோசனை இது: இரண்டு வருடம் வேலை செய்து பார். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு.

இந்த வாதத்தை நான் எங்கள் அலுவலகக் கேன்டீனில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இரண்டு வருஷம் இரு, எக்ஸ்பீரியன்ஸ் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். பெரும்பாலும் நல்ல யோசனைதான், இதைக் கேட்டு நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு வருடத்தில் வெளியே இருக்கும் கதவு மாறாமல் இருக்கலாம். ஆனால் அதைத் திறக்கப்போகும் ஆள் இரண்டு வருடம் மாறியிருப்பான். வீட்டு லோன் வந்திருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், வசதிக்கு உடம்பு பழகியிருக்கும். சுபாஷுக்கு இதைவிட நேரடியான சிக்கல் இருந்தது. அன்னிய ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனசுக்குள் எதிர்த்துக்கொண்டு இருப்பது அவரால் ஆகாது. முயன்று பார்க்கிற அந்த இரண்டு வருடமே அவருக்குப் பொய் சொல்லும் இரண்டு வருடம். அதனால் ராபர்ட்ஸின் யோசனை அவருக்குப் பொருந்தவில்லை.

*

பொருந்தியவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஊக்கமூட்டும் பேச்சாக ஆகிவிடும்.

சி. வி. ராமன் 1907-இல் சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் எம்ஏ முடித்தார். இங்கிலாந்துக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சிவில் சர்ஜன் சொல்லிவிட்டதால் ஐசிஎஸ் கனவுக்கே இடமில்லை. நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடத்தில் வந்து, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அங்கே பௌபஜார் தெருவில் 210-ஆம் எண்ணில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஏறக்குறைய ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்தது. காலையில் ஆய்வகம், பகலில் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி ஆய்வகம். ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்த காலம் போக, இப்படியே பத்து வருடம். 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு இறங்கி அதில் சேர்ந்தார். 1930-இல் நோபல் பரிசு. ராமன் வேலையை மறுக்கவில்லை. வேலை தந்த சம்பளத்தில் உட்கார்ந்து தனக்கான வேலையை வளர்த்தார், அது வளர்ந்த பிறகு மாறினார்.

ராமானுஜனுக்கு மறுக்கும் வசதியே இல்லை. எஃப்ஏ தேறாதவர், 1909-இல் கல்யாணம் ஆனவர், நோட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர், நெல்லூர் என்று அலைந்தவர். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது அது அவருக்கு மூச்சு விடும் இடம். அந்த மேஜையிலிருந்துதான் 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது.

சி. டி. தேஷ்முக், சுபாஷுக்கு இரண்டு வருடம் முன்பு, 1918-இல் ஐசிஎஸ்ஸில் முதலிடம் வந்தவர். வேலையில் சேர்ந்தார், இருந்தார். 1943-இல் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் ஆனார். சுதந்திர இந்தியாவின் நிதியமைச்சராகவும் இருந்தார். 1956-இல் பம்பாய் நகரத்தின் எதிர்காலம் பற்றிய சர்ச்சையில் அந்த அமைச்சர் பதவியை விட்டு விலகவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, உள்ளே போனவன் எல்லாம் தொலைந்தான், வெளியே நின்றவன் எல்லாம் ஜெயித்தான் என்று வரலாறு சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நல்ல வேலையை மறுத்துவிட்டு, தேடியதும் கிடைக்காமல், ஊர்ப்பக்கம் ஒதுங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத ஆளில்லை. நம் கையில் இருக்கும் புத்தகங்கள் எல்லாம் ஜெயித்தவர்களைப் பற்றியவை என்பதை மறந்துவிட்டு அவற்றிலிருந்து பாடம் படிக்கக்கூடாது.

*

சுபாஷின் மறுப்புக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. அப்பாவின் வக்கீல் வருமானம், கல்கத்தாவில் அண்ணன் சரத்தின் பாரிஸ்டர் வருமானம். அவர் ஊர் திரும்பினால் சோறும் படுக்கையும் நிச்சயம். இதை அவர் மறைக்கவும் இல்லை. தனக்குக் குடும்பப் பாரம் இல்லை என்று அவரே சொன்னதை மேலே பார்த்தோம். தங்கைக்குக் கல்யாணம் பாக்கி, கல்விக் கடன் பாக்கி என்று இருக்கும் ஒருவரிடம் போய் சுபாஷைப் பார் என்று சொல்வது அநியாயம். மறுப்பதற்கு முன் கேட்க வேண்டியது தைரியம் இருக்கிறதா என்பது மட்டும் இல்லை. நான் மறுத்தால் அதன் செலவை யார் கட்டுவார்கள், அவர்களிடம் கேட்டேனா என்பதும்தான். சுபாஷ் ஏழு மாதம் கேட்டார். கேட்டும் அப்பாவின் சம்மதம் கிடைக்கவில்லை. பல பேர் மனசைப் புண்படுத்திவிட்டோம் என்ற வருத்தத்தோடுதான் ராஜினாமா செய்தார்.

மறுத்த உடனே எல்லாம் கூடி வந்துவிடவும் இல்லை. 1921 ஜூலை 16-இல் பம்பாயில் இறங்கினார். அன்று மதியமே மணி பவனில் காந்தியைப் பார்த்தார். வரிகொடாமை வரைக்கும் போராட்டம் எப்படிப் போகும், அது எப்படி அரசாங்கத்தைப் பணியவைக்கும், ஒரு வருடத்தில் சுயராஜ்யம் எப்படி வரும் என்று கேள்விகளை அடுக்கினார். முதல் கேள்விக்கு வந்த பதிலில்தான் திருப்தி. மற்றவற்றில் இல்லை. யோசித்துப் பாருங்கள், ஐசிஎஸ்ஸை விட்டுவிட்டு வந்து இறங்கிய முதல் நாளே, இயக்கத்தின் தலைவரிடம் தெளிவான பதில் கிடைக்கவில்லை! காந்தி அவரைத் தாஸிடம் போகச் சொன்னார். கல்கத்தாவில் தாஸைப் பார்த்த பிறகுதான் தலைவர் கிடைத்தார் என்று மனம் அமைந்தது. தேசியக் கல்லூரியின் முதல்வர் வேலை கிடைத்தது. பிப்ரவரிக் கடிதத்தில் கேட்ட வேலைதான் அது. டிசம்பரில் கைது. ஆறு மாதம் சிறை.

1924-இல் ஒரு வேடிக்கை. தாஸ் கல்கத்தாவின் மேயர் ஆனார். சுபாஷ் மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரி ஆனார். சம்பளம் 3000 ரூபாய், அவர் எடுத்துக்கொண்டது 1500. பார்த்தால் ஐசிஎஸ் அதிகாரி செய்யும் அதே மாதிரி வேலை: கோப்பு, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு. நிர்வாக வேலை அவருக்கு ஒருபோதும் வெறுப்பாக இருந்ததில்லை, யாருக்காக நிர்வாகம் என்பதில்தான் பிரச்சினை இருந்தது. அதையும் அதிக நாள் செய்ய விடவில்லை. அக்டோபரில் கைது செய்து, பிறகு பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பினார்கள்.

சரத்தின் கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அவசரப்படாதே என்று தம்பிக்கு எழுதிய அண்ணன். தம்பி போன வழியிலேயே மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். 1932-லிருந்து 1935 வரை விசாரணை இல்லாமல் காவலில் இருந்தார். 1941 டிசம்பரில் மறுபடி பிடித்து, தெற்கே கொண்டுவந்து, நம் குன்னூரில் அடைத்து வைத்தார்கள். 1945-இல்தான் விட்டார்கள். 1921-இல் சுபாஷ் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தது அந்தக் குடும்பம்தான். அவர்கள் வைத்திருக்காவிட்டால், ஏழு மாத யோசனை என்று ஒன்று நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது, தூக்கியெறிந்தார் என்ற ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு ஏழு மாதம் கிடைக்காது. ஏழு நாள்கூடக் கிடைக்காது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவர் செய்தவை பெரும்பாலும் ஒரு வாரத்தில் செய்யக்கூடியவைதான். எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதிப் பார்ப்பது. செலவைச் சுமக்கப் போகிறவர்களிடம் பேசுவது. போக நினைக்கும் இடத்துக்குக் கடிதம் எழுதி, எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று நேராகக் கேட்பது. இத்தனைக்கும் பிறகு சேருவதாக முடிவு செய்தால், ராமன் மாதிரி சாயங்காலங்களைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்று முடிவு செய்தால், மறுப்புக் கடிதத்தைச் சின்னதாக எழுதிவிட்டு, வாங்கிய 100 பவுனைத் திருப்பி அனுப்பிவிடலாம்.